வாசகர் கேள்வி – பதில்: மூளைச் சீவலுக்கு ஓர் ஒளிப்பெட்டி

மூளைத் திசுவின் மெல்லிய சீவல்கள்மீது எல்.இ.டி. ஒளியைத் துடிப்புகளாகச் செலுத்தி நியூரான்களைத் தூண்டும் கருவியொன்றை, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கையில் எடுத்துச் செல்லும் அளவில், ஆய்வு மாணவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம் என்று சென்ற இதழில் ஒரு பதிலுக்கிடையே எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நரம்பைத் தூண்ட மின்சாரமே போதும் என்பதைத் தவளையின் காலைக் கொண்டு கால்வானி 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். அப்படியிருக்க, மூளைத் திசுவை ஒளியால் தூண்ட வேண்டிய தேவை என்ன?
– இயற்பியல் முதுகலை மாணவி, திருச்சி

பதில்: மின்சாரம் ஆள் பார்ப்பதில்லை என்பதுதான் அதன் குறை. திசுவுக்குள் ஒரு மின்முனையை இறக்கி மின்னோட்டம் செலுத்தினால், அருகிலுள்ள கிளர்த்தும் நியூரான், அடக்கும் நியூரான், எங்கிருந்தோ வந்து அவ்வழியே கடந்துபோகும் நரம்பிழை ஆகிய அனைத்தும் ஒருசேரத் தூண்டப்படுகின்றன. எது பேசியதால் எது பதில் சொன்னது என்று பிரித்தறிய முடிவதில்லை. ஒரே வகையைச் சேர்ந்த நியூரான்களை மட்டும் கட்டுப்படுத்தி, மற்றவற்றை அப்படியே விட்டுவைக்கும் முறையொன்று வேண்டும் என்று, டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1979-இல் எழுதினார். அதற்கான விடை பாசியிடம் இருந்தது. கிளாமிடோமோனாஸ் என்னும் ஒற்றைச்செல் பச்சைப்பாசி ஒளியை உணரப் பயன்படுத்தும் சேனல்ரொடாப்சின் என்ற புரதத்தைப் பீட்டர் ஹெகமன், ஜார்ஜ் நாகல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் முதலிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் விவரித்தனர். நீல ஒளி பட்டவுடன் திறந்து, நேர்மின் அயனிகளைச் செல்லுக்குள் விடும் வாயில் அது. அதன் மரபணுவை நியூரானுக்குள் புகுத்தி, ஒளித்துடிப்பால் அந்த நியூரானை மில்லிநொடித் துல்லியத்தில் இயக்கலாம் என்பதை ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் பாய்டன், கார்ல் டைஸராத் ஆகியோர் நாகல், பாம்பெர்க் ஆகியோருடன் இணைந்து 2005-இல் வெளியிட்டனர். இத்துறையைத்தான் ஒளிமரபியல் என்கிறோம்.

சீவல் என்பது பெரும்பாலும் எலியின் மூளையிலிருந்து ஏறத்தாழ 300 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டியெடுக்கப்படுவது. மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவத்தைப் போலவே உப்பும் குளுக்கோசும் கலந்து தயாரிக்கப்பட்ட நீரில், 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் கொண்ட வாயுவைக் குமிழியிட்டுக்கொண்டே இருந்தால், அது சில மணி நேரம் உயிரோடு இருக்கும். அந்தச் சில மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்பதால்தான், நம்பகமான ஒரு விளக்கு அங்கே இவ்வளவு முக்கியமாகிறது.

கேள்வி: கடையில் கிடைத்த 3 வாட் நீல எல்.இ.டி. ஒன்றை ஒரு மின்தடையுடன் சேர்த்து, லித்தியம் பேட்டரியில் இணைத்து, டிரான்சிஸ்டர் மூலம் அணைத்து ஏற்றுகிறேன். காலையில் ஒவ்வொரு துடிப்புக்கும் பதில் தரும் செல்கள் பிற்பகலில் பாதித் துடிப்புகளுக்குத் தருவதில்லை. சீவல் சோர்ந்துவிட்டதா, விளக்கு சோர்ந்துவிட்டதா என்றே தெரியவில்லை.
– ஆய்வு மாணவர், பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வாக்கியம்தான் இந்த வடிவமைப்பின் முழுச் சிக்கலும். ஒளி தருவது எளிது. நேற்றுக் கொடுத்த அதே ஒளியைத்தான் இன்றும் கொடுத்தேன் என்று உறுதியாகச் சொல்வதுதான் கடினம். ஆகவே முதலில் விளக்கைச் சந்தேகத்துக்கு அப்பால் நிறுத்திவிடுங்கள். பிறகு சீவலைச் சந்தேகிக்கலாம்.

எல்.இ.டி. இழை விளக்கைப் போன்றதன்று. அதன் மின்னழுத்தம் சற்றே கூடினாலும் மின்னோட்டம் பன்மடங்கு எகிறும்; ஒளியின் அளவோ மின்னோட்டத்தையே பின்பற்றும். நீல எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஒற்றை லித்தியம் செல் முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட்டும், தீர்ந்துவரும்போது 3 வோல்ட்டை ஒட்டியும் தரும். எனவே, நடுவிலுள்ள மின்தடைக்குக் காலையில் கிடைக்கும் ஏறத்தாழ ஒரு வோல்ட் பிற்பகலில் மிகச் சிறிதாகக் குறுகிவிடுகிறது. மின்னோட்டமும் அதே விகிதத்தில் சரிந்துவிடுகிறது. கண்ணுக்கு விளக்கு அப்போதும் பளிச்சென்றுதான் தெரியும். செல் ஏமாறுவதில்லை.

இதற்குத் தீர்வு மாறா மின்னோட்டச் சுற்று. இரண்டு செல்களைத் தொடராக இணைத்து 7.4 வோல்ட் ஆக்கிக்கொள்ளுங்கள். எல்.இ.டி.க்குக் கீழே ஒரு மாஸ்ஃபெட்டையும் (வாயில் என்னும் முனையில் தரும் மின்னழுத்தத்தால் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்சிஸ்டர்), அதற்கும் கீழே 0.5 ஓம் மின்தடையையும் வையுங்கள். அந்த மின்தடையில் விழும் மின்னழுத்தத்தை ஓர் ஆப்-ஆம்ப் (இரு மின்னழுத்தங்களின் வேறுபாட்டைப் பெருக்கும் சில்லு) தொடர்ந்து கவனித்து, நீங்கள் கேட்ட அளவுக்கு மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும். 0.35 வோல்ட் கேட்டால் 700 மில்லிஆம்பியர், பேட்டரி 8.4 வோல்ட்டில் இருந்தாலும் 6 வோல்ட்டில் இருந்தாலும் அதே 700தான். இத்தகைய நேரியல் சுற்றில் மிச்ச மின்னழுத்தம் வெப்பமாக வீணாகிறது என்று மின்னணுவியல் தெரிந்த நண்பர்கள் குறை சொல்வார்கள். சொல்வது உண்மைதான்; மேற்கண்ட கணக்கில் ஏறத்தாழ 2.7 வாட் மாஸ்ஃபெட்டில் வீணாகும். ஆனால் நமது விளக்கு எரிவது 5 மில்லிநொடித் துடிப்பாக, நொடிக்கு 20 முறை, அதாவது பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. சராசரி வீண் கால் வாட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதை மிச்சப்படுத்துவதற்காக மின்னோட்டத்தை மிக வேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கும் ஸ்விட்ச்சிங் வகைச் சுற்றை வாங்கி வைத்தால், அதன் உயர் அதிர்வெண் இரைச்சல் செல்லின் மின் பதிலைப் பிக்கோஆம்பியர் அளவில் அளக்கும் உங்கள் பதிவுக் கருவிக்குள் புகுந்து, சேமித்த மின்சாரத்தைவிடப் பெரிய நட்டத்தைத் தந்துவிடும்.

இச்சுற்றைக் கட்டுகிறவர்கள் இரண்டு குழிகளில் விழுவது வழக்கம், நானும் விழுந்திருக்கிறேன். முதலாவது, ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டில் பிறவியிலேயே இருக்கும் சில மில்லிவோல்ட் பிழை. 2 மில்லிவோல்ட் பிழையை 0.5 ஓமால் வகுத்தால் 4 மில்லிஆம்பியர். அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் நேரமெல்லாம் அந்த மின்னோட்டத்தில் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு எல்.இ.டி.யைப் பாருங்கள், தெரியும். உள்ளீட்டை மிகச் சிறிதளவு எதிர்மின்னழுத்தத்தின் பக்கம் இழுத்துவைத்தால் இது நின்றுவிடும். இரண்டாவது, மாஸ்ஃபெட்டின் வாயில் மின்தேக்கத்தால் சுற்று தானாக அலைவுறுவது. நான் கட்டிய முதல் பெட்டி பல வாரங்கள் நன்றாக வேலை செய்வதாகத்தான் நம்பியிருந்தேன்; ஒருநாள் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒளிடையோடு ஒன்றை, மின்சைகையின் வடிவத்தைத் திரையில் வரையும் ஆசிலோஸ்கோப்பில் இணைத்து அதன் முன்னால் பிடித்தபோது, சதுரமாக இருக்க வேண்டிய துடிப்பின் உச்சி சீப்பின் பற்களைப் போல் இருந்தது. வாயிலுக்கு முன் ஒரு சிறு மின்தடையும், ஆப்-ஆம்ப்பின் குறுக்கே ஒரு சிறு மின்தேக்கியும் அதைச் சரிசெய்தன. ஒளியின் வடிவத்தை ஒளியைக் கொண்டே பார்க்காதவரை, பெட்டி முடிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள்.

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். எல்.இ.டி. சூடாகும்போது ஒளி குறையும். நீலத்தில் ஓரளவு, செம்மஞ்சளிலும் சிவப்பிலும் மிக அதிகமாக. அலுமினியத் தட்டில் பொருத்தப்பட்ட எல்.இ.டி.யை வாங்கி, வெப்பப் பசை தடவி, அலுமினியப் பெட்டியின் சுவரிலேயே திருகிவிடுவது நல்லது. பெட்டியே மின் இரைச்சலைத் தடுக்கும் கூண்டாகவும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகமாகவும் அமைந்துவிடும். வீட்டிலுள்ள எவர்சில்வர் டிபன் டப்பாவைப் பயன்படுத்தலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். இரைச்சலைத் தடுக்க அது போதும். ஆனால் எவர்சில்வர் வெப்பத்தை அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுகூடக் கடத்துவதில்லை என்பதால், விளக்கை அதில் திருகிப் பயனில்லை.

கேள்வி: ஒளியைக் குறைக்க ஆர்டுயினோவின் அனலாக்ரைட் கட்டளையைப் பயன்படுத்தலாமா?
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: கூடாது. ஆர்டுயினோ என்பது நாமே நிரல் எழுதி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை; ஊனோ அதில் ஒரு வகை. அக்கட்டளை விளக்கை மங்கலாக்குவதில்லை. ஊனோ பலகையின் பெரும்பாலான முனைகளில் நொடிக்கு 490 முறை முழு ஒளியில் ஏற்றி அணைக்கிறது. நம் கண் அதைச் சராசரியாக்கி மங்கலாகக் காண்கிறது. ஒரு சுழற்சிக்கு 2 மில்லிநொடி ஆவதால், 5 மில்லிநொடித் துடிப்பு ஒன்றில் இரண்டோ மூன்றோ வெட்டுகள்தான் அடங்கும். இரண்டா மூன்றா என்பது அத்துடிப்பு தொடங்கிய கணத்தைப் பொறுத்து மாறும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் 12 பிட் டி.ஏ.சி. சில்லு ஒன்றைச் சேர்த்து உண்மையான மின்னழுத்தத்தைக் கொடுங்கள். அல்லது பொட்டன்ஷியோமீட்டர் என்னும் மாறுமின்தடை ஒன்றைத் திருகுங்கள். துடிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் பதிவுக் கருவியிலிருந்து வரும் 5 வோல்ட் சைகையே தீர்மானிக்கட்டும். 0.5 ஓம் மின்தடையின் மின்னழுத்தத்தை அதே பதிவுக் கோப்பில் இன்னொரு தடமாகச் சேமித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து ஐயம் எழும்போது அது உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

கேள்வி: சேனல்ரொடாப்சினைத் திறக்க எவ்வளவு ஒளி தேவை? கைப்பேசியிலுள்ள லக்ஸ் அளவி காட்டும் எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடலாமா?
– உயிரியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

பதில்: லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. கண் 555 நானோமீட்டர் பச்சையில் கூர்மையானது. அங்கே ஒரு வாட் ஒளி 683 லுமென். சேனல்ரொடாப்சினுக்குப் பிடித்த 470 நானோமீட்டர் நீலத்தில் அதே ஒரு வாட் 62 லுமென்தான். ஆக, நமக்கு வேண்டிய நிறத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மதிக்கும் கருவியை வைத்து நியூரானின் கணக்கை எழுதக் கூடாது.

எழுத வேண்டியது ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் மில்லிவாட். வழக்கமான சேனல்ரொடாப்சின்-2, ஏறத்தாழ 1 மில்லிவாட் அளவில் பாதித் திறனை எட்டுகிறது. சீவல் சோதனைகளில் 1 முதல் 10 வரை கொடுப்பது வழக்கம். இந்த எண்ணைப் பெற இரண்டு அளவீடுகள் வேண்டும்: மொத்தத் திறன், அது பரவும் பரப்பு. திறனை, 470 நானோமீட்டருக்கு அமைக்கப்பட்ட ஒளித்திறன் அளவியால் அளக்கலாம். துடிப்பாக எரியும்போது அளந்தால் அளவி சராசரியைத்தான் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். பத்தில் ஒரு பங்கு நேரம் எரியும் விளக்குக்கு 3 மில்லிவாட் காட்டினால், துடிப்பின் உச்சம் 30.

பரப்புதான் பலரும் சறுக்கும் இடம். நுண்ணோக்கியின் வழியாக ஒளியைச் செலுத்துகிறீர்கள் என்றால் கணக்கு எளிது: 40 மடங்கு உருப்பெருக்கும் வில்லையின் கீழ் தெரியும் வட்டத்தின் விட்டம், கண்வில்லையில் பொறித்திருக்கும் புல எண் 22 ஆனால், 22-ஐ 40-ஆல் வகுத்த 0.55 மில்லிமீட்டர். அந்த வட்டம் முழுவதும் ஒளி சீராக நிரம்பியிருந்தால் பரப்பு 0.24 சதுர மில்லிமீட்டர். வில்லையிலிருந்து 1 மில்லிவாட் வெளிவந்தாலே சதுர மில்லிமீட்டருக்கு 4-க்கு மேல் கிடைத்துவிடும். எடுத்துச் செல்லும் பெட்டிக்கு நான் விரும்புவது வேறு வழி: 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் ஒளியிழையை எல்.இ.டி.யின்மீது ஒட்டி நிறுத்தி, மறுமுனையைச் சீவலுக்கு அருகில் நீருக்குள் கொண்டுபோவது. நுண்ணோக்கியைத் தொடவே வேண்டியதில்லை என்பதால், இன்றைக்கு இந்த மேசை, நாளைக்கு வேறு மேசை என்று மாற்றிக்கொள்ளலாம். எண் துளை (ஒளி எவ்வளவு விரியும் என்பதைக் குறிக்கும் எண்) 0.5 உள்ள இழையிலிருந்து வெளிவரும் ஒளி நீரில் ஏறத்தாழ 22 பாகை சாய்வில் விரியும். இழை முனை 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் ஒளிவட்டத்தின் ஆரம் 1.3 மில்லிமீட்டர், பரப்பு 5.4 சதுர மில்லிமீட்டர். முனையில் 30 மில்லிவாட் இருந்தால் சீவலின் மேற்பரப்பில் சராசரியாக 5.5 மில்லிவாட் விழும். திசுவுக்குள் ஒளி சிதறுவதால் ஆழத்தில் இதைவிடக் குறையும். எனவே, எழுதும்போது ‘மேற்பரப்பில்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

கணக்கை நேரில் சரிபார்க்க விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். கண்ணாடித் தகட்டில் மஞ்சள் ஹைலைட்டர் பேனாவால் தடவிச் சீவலின் இடத்தில் வைத்தால், நீல ஒளி பட்ட இடம் பச்சையாக ஒளிரும். அந்த வட்டத்தை அளவுகோலோடு படமெடுத்துக்கொள்ளலாம்.

மெல்லிய 200 மைக்ரோமீட்டர் இழையை ஏன் பயன்படுத்தக் கூடாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்.இ.டி. எல்லாத் திசைகளிலும் ஒளியை இறைக்கும் விளக்கு, லேசர் அன்று. மெல்லிய இழைக்குள் அதன் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட நுழைவதில்லை. எந்த வில்லையை இடையில் வைத்தாலும் விளக்கின் பிரகாசத்தைக் கூட்ட முடியாது என்பது ஒளியியலின் விதி. லேசர் வைத்திருப்பவர்கள் மெல்லிய இழையைப் பயன்படுத்தட்டும்.

கேள்வி: சேனல்ரொடாப்சின் மரபணு செலுத்தப்படாத எலியின் சீவலிலும் ஒளி பட்டவுடன் பதில் பதிவாகிறது. எங்கள் ஆய்வு நெறியாளர் நம்ப மறுக்கிறார்.
– ஆய்வு மாணவி, ஹைதராபாத்

பதில்: நம்ப மறுப்பது அவருடைய கடமை. உங்களுக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் செல்லின் பதில் அன்று, கருவியின் பதில். அது மூன்று வழிகளில் வரலாம். மூன்றையும் ஒரு பிற்பகலில் பிரித்துவிடலாம்.

முதலில் ஒளியிழையின் முனையைக் கறுப்பு டேப்பால் சுற்றி மூடிவிட்டுத் துடிப்பைக் கொடுங்கள். பதில் அப்படியே நின்றால், அது ஒளியால் வந்ததன்று, எல்.இ.டி.க்குச் செல்லும் கம்பியில் மின்னோட்டம் திடீரென ஏறி இறங்குவதை உங்கள் மின்முனை கம்பியில்லாமலே பிடித்துக்கொள்கிறது. துடிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஊசிபோல் குத்தி நிற்பது இதன் அடையாளம். கம்பியை முறுக்கி, மேலே உலோக உறையிட்டு, அவ்வுறையை ஒரே இடத்தில் மட்டும் நிலத்தோடு இணைத்தால் அடங்கிவிடும். ஒளியிழை முறையின் இன்னொரு நன்மையும் இங்கே தெரியும்: பெட்டியை, பதிவு மேசையைச் சுற்றியுள்ள உலோகக் கூண்டுக்கு வெளியே வைத்துவிட்டு இழையை மட்டும் உள்ளே விடலாம், பிளாஸ்டிக்கில் மின்சாரம் வராது.

டேப் ஒட்டியதும் பதில் மறைந்தால், டேப்பைப் பிரித்துவிட்டு, மின்முனையைச் சீவலிலிருந்து தூக்கி வெறும் திரவத்தில் நிறுத்தி மீண்டும் ஒளியூட்டுங்கள். செல்லே இல்லாத இடத்திலும் பதில் வந்தால், ஒளி உங்கள் வெள்ளிக் கம்பிமீது விழுகிறது. பதிவு மின்முனைக்குள் இருப்பது வெள்ளி குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி. எட்மண்ட் பெக்கெரல் 1839-இல், அமிலக் கரைசலில் வெள்ளி குளோரைடுமீது ஒளிபட்டால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார். இன்றைய சூரிய மின்பலகையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அவர் கொண்டாடிய விளைவை நாம் தொல்லை என்கிறோம். ஒளி தொடங்கிய கணத்திலேயே, தாமதமின்றி, ஒளியின் அளவுக்கேற்பக் கூடிக் குறையும் பதிலாக அது தென்படும். ஒரு நியூரான் இன்னொன்றுக்குச் சொல்லி வரும் பதிலுக்குச் சில மில்லிநொடித் தாமதம் இருக்கும். கம்பியின் முனையை ஒளியிலிருந்து விலக்கி உயர்த்துங்கள். தரை மின்முனையையும் ஒளிபடாத மூலைக்கு நகர்த்துங்கள்.

இரண்டு சோதனைகளையும் தாண்டி நின்றால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். பல நொடிகள் தொடர்ந்து எரியும் ஒளி, மரபணு எதுவும் செலுத்தப்படாத நியூரானின் செயலையும் மாற்றும் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு எச்சரித்தது. குறுந்துடிப்புகளில் இந்த இடர் குறைவு. எப்படியாயினும், மரபணு இல்லாத சீவலில் அதே ஒளியைக் கொடுத்துப் பார்க்கும் ஒப்பீட்டைச் செய்ததற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் அதைக் கட்டுரை திரும்பி வந்தபிறகுதான் செய்கிறார்கள்.

கேள்வி: ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு நேரம் ஓடும்? விமானத்தில் எடுத்துச் செல்லலாமா?
– ஆய்வாளர், சிங்கப்பூர்

பதில்: 2,500 மில்லிஆம்பியர்-மணி செல்கள் இரண்டைத் தொடராக இணைத்தால், பத்தில் ஒரு பங்கு நேரம் எரியும் 700 மில்லிஆம்பியர் விளக்குக்குச் சராசரி 70, கட்டுப்பாட்டுப் பலகைக்கு ஏறத்தாழ 50 என்று வைத்தாலும் 20 மணி நேரம் வரும். உண்மையான சோதனையில் 20 நொடிக்கு ஒருமுறை, ஒரு நொடி மட்டுமே துடிப்புகள் தரப்படுவதால், பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகையும் திரையும் விளக்கைவிட அதிகமாகத் தின்னும். பதிவு நடக்கும்போது மின்னேற்றியை இணைக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வெளியே நிறுத்தத்தானே பேட்டரி வைத்தோம்? இப்பெட்டியின் ஆற்றல் 20 வாட்-மணிக்கும் குறைவு, கைப்பையில் கொண்டுசெல்லலாம். உதிரி லித்தியம் செல்களைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

கேள்வி: எங்கள் கல்லூரியில் எலி வளர்க்கவோ மரபணு மாற்றவோ வசதி இல்லை. பெட்டியை மட்டும் கட்டி என்ன செய்வது?
– தாவரவியல் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: விலங்குச் சோதனைக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், மரபணு மாற்றத்துக்கு உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் இந்தியாவில் கட்டாயம் என்பதால், அவசரப்பட வேண்டாம். ஆனால் தாவரவியல் துறைக்கு எலி எதற்கு? சேனல்ரொடாப்சினின் சொந்தக்காரரான கிளாமிடோமோனாஸ் உங்கள் துறையைச் சேர்ந்தவர்தானே. பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள அப்பாசிக்கு ஒரு கண்புள்ளியும் இரண்டு கசையிழைகளும் உண்டு. சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கியிலேயே நீந்துவது தெரியும். நன்கு வளர்ந்த கரைசலைப் பெட்ரித் தட்டில் ஊற்றி, இருட்டறையில், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளியிழையைக் காட்டி, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் சில நிமிடங்கள் விட்டுவையுங்கள். பாசி ஒளியை நோக்கித் திரளும். பிறகு மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஓர் அளவுக்கு மேல் அதே பாசி ஒளியைவிட்டு விலகி மறுபக்கம் போகத் தொடங்கும். அது திரும்பும் அளவு எத்தனை மில்லிவாட் என்று மாணவர்களை அளந்து எழுதச் சொல்லுங்கள். அப்போது எல்லோரும் செம்மஞ்சள் நிறக் காப்புக் கண்ணாடி அணிந்திருக்கட்டும். இழை முனையை யாரும் நேராகப் பார்க்க வேண்டாம்.